முன்கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசையும் அதை அறுக்கும் கம்பியும்

முச்சக்கர வண்டியின் முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பீடிங்கின் உதட்டை நெம்பிவிட்டால் திருகோணமலையின் எந்தக் கராஜிலும் அதைச் சற்று நேரத்தில் கழற்றிவிடலாம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பெரும்பாலான கார்களுக்கும் வேன்களுக்கும் இது பொருந்தாது. அவற்றின் கண்ணாடி வாகனத்தின் தகட்டு விளிம்போடு பொலியூரித்தேன் பசையால் ஒட்டப்பட்டு, உடற்சட்டத்தின் ஓர் உறுப்பாகவே மாறியிருக்கிறது. வாகனம் குடைசாயும்போது கூரையைத் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு, பல வாகனங்களில் பயணியின் பக்கத்து எயார்பேக் விரியும்போது சாய்ந்து நிற்பதும் அதன்மீதுதான்.

பொலியூரித்தேனின் வேதியியலை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். குழாயிலிருந்து பிதுக்கப்படும் பசையிலுள்ள ஐசோசயனேற்று எனும் வேதிக் கூட்டங்கள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, சிறிதளவு காபனீரொட்சைட்டை வெளியேற்றி, ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து வலைபோல இறுகுகின்றன. இவ்வாறு பிணைந்த பொருள் மெழுகைப்போல உருகுவதுமில்லை, சாதாரண கரைப்பான்களில் கரைவதுமில்லை. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அது சிதைந்து, நுரையீரலுக்குத் தீங்கான ஐசோசயனேற்று ஆவியை வெளியிடும் என்பதால், சூடேற்றிய கத்தியால் அறுப்பதை நான் ஏற்கமாட்டேன். அதைக் குளிர்ந்த நிலையில் அறுப்பதே முறை.

பசையை அறுக்கும் எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படையான இயற்பியல் ஒன்றுதான். ரப்பர் போன்ற பொருளைக் கத்தியால் நேராக அழுத்தினால், அது பிளவுபடுவதற்கு முன் நசுங்கி வளைந்து, நாம் கொடுக்கும் ஆற்றலின் பெரும்பகுதியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். கத்தியைப் பக்கவாட்டில் இழுத்தபடி அழுத்தினாலோ, கூர்முனை மேற்பரப்பைப் பற்றி இழுத்துச் சிறிய ஆழத்திலேயே கிழிசலைத் தொடங்கிவிடுவதால், மிகக் குறைந்த விசையே போதுமானது. தொதலை வெட்டுபவர் கத்தியை அழுத்தாமல் இழுப்பதும் இதனால்தான். வளைந்த அலகுள்ள இழுவைக் கத்தி வெளியிலிருந்து கண்ணாடியின் அடியில் நுழைந்து இவ்விதம் இழுத்தே அறுக்கிறது. மின்சாரத்தால் அதிரும் கத்தி அதே அசைவை மிக வேகமாகச் செய்கிறது.

கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையிலான வெளி ஒடுங்கிய வாகனங்களில் கத்தி நுழையாது. அங்கேதான் கம்பியின் தேவை வருகிறது. ஊசியால் பசையில் ஒரு துளையிட்டு, கம்பியைக் கண்ணாடியின் வெளிவிளிம்பைச் சுற்றிப் படியவைத்து, அதன் முனைகளை உள்ளே கொண்டுவந்து, கண்ணாடியின் உட்புறத்தில் உறிஞ்சு கிண்ணத்தால் நிறுத்திய உருளையில் சுற்றினால், கம்பி பசையைச் சீவிக்கொண்டே உள்நோக்கி நகரும். சதுர வெட்டுமுகமுள்ள கம்பி தன் விளிம்புகளால் நன்கு கடிக்கும், ஆனால் வண்ணப்பூச்சையும் கீறும். வலிமையான செயற்கை இழைக் கயிறு அந்தக் கீறலைப் பெருமளவு தவிர்க்கிறது. ஒரே இடத்தில் வேகமாக உரசினால் உராய்வு வெப்பத்தால் கம்பி அறுந்து தெறிக்கக்கூடும் என்பதால், கண்ணுக்குக் காப்பு அவசியம். உராய்வைக் குறைக்கச் சுத்தமான நீரைத் தெளித்தால் போதும். சவர்க்கார நீர் வேண்டாம், அதன் படிவு பசைமீது தங்கிவிடும்.

முன்கண்ணாடி இரு தகடுகளுக்கிடையே பிளாஸ்ரிக் படலம் வைத்துச் செய்யப்படுவதால் கீறல் விழுந்தாலும் சிதறாது. பின்கண்ணாடி பெரும்பாலும் கடினப்படுத்தப்பட்ட ஒற்றைத் தகடு; அதன் ஓரத்தில் அலகு ஒருமுறை ஆழமாகப் பட்டாலே முழுவதும் பொடியாகிவிடலாம்.

கண்ணாடி வெளியே வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். வேலையின் தரத்தைத் தகட்டு விளிம்பில்தான் பார்க்கவேண்டும். பழைய பசையை உலோகம் தெரியுமளவுக்குச் சுரண்டக்கூடாது; 1 முதல் 2 மி.மீ. தடிப்புள்ள படலத்தை விட்டுச் சீராகச் சீவினால், புதிய பசை அந்தப் புதுவெட்டின்மீது உறுதியாகப் பற்றும். வண்ணப்பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் பிரைமர் எனும் அடிப்பூச்சைப் பூசாமல் விட்டால், திருகோணமலையின் உவர்மலையிலும் கடற்கரையோரத்திலும் காற்றோடு வரும் உப்பின் குளோரைட்டு துருவை விரைவுபடுத்தி, பசையின் அடியிலேயே தகட்டை அரிக்கும். முன்பு யாராவது சிலிக்கனால் ஒட்டியிருந்தால் அதை முற்றாக அகற்றவேண்டும், ஏனெனில் பொலியூரித்தேன் அதன்மீது பிடிக்காது. கச்சான் காற்று புழுதியைக் கிளப்பும் மாதங்களில், சீவிய படலத்தைக் கைபடாமல் மூடிவைத்து, புதிய கண்ணாடியை அன்றைக்கே ஒட்டிவிடுவது நல்லது.