ஆற்றுத் தண்ணீருக்கு ஆர்ஓ மிஷின் எதற்கு?

இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ மிஷின் (தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டும் மிஷின்) விற்பனையாளர் கையோடு கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை இரண்டு டம்ளரிலும் இறக்கி பிளக்கைச் சொருகுவார். ஒரு நிமிடத்துக்குள் குழாய்த் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி, அழுக்கு திரண்டு மேலே மிதக்கும். “பாத்தீயளா அண்ணாச்சி, இதத்தான் பிள்ளைகளுக்குக் குடுக்கீய.”

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. ஒவ்வொரு டம்ளரிலும் இறங்கும் ஜோடியில் ஒன்று இரும்பு, மற்றது அலுமினியம். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதனால் அது தெளிவாகவே இருக்கும். அவர் கொண்டுவந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் அதே மாதிரிக் கலங்கும். (கருவி ஓடும்போது டம்ளருக்குள் விரலை விட்டுவிடாதீர்கள்.) பல பேர் உப்பு டப்பாவைப் பார்த்ததுமே பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

அடுத்து டிடிஎஸ் மீட்டர். பேனா மாதிரி இருக்கும் இந்தக் கருவி மோசடி இல்லை, ஆனால் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான்: தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பது. அதையும் நேரடியாக அளப்பதில்லை, மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. கிருமி அதற்குத் தெரியாது, பூச்சிமருந்து தெரியாது, சர்க்கரையைக் கரைத்தால்கூடத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500-ன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி.

தாமிரபரணி பொதிகையிலிருந்து இறங்கி வரும் மென்மையான தண்ணீர். திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக் குழாயில் மீட்டரை வைத்தால் 500-க்கு வெகு கீழேதான் காட்டும். அந்தத் தண்ணீரில் உப்பை வடிகட்ட ஒரு மிஷின் மாட்டுவது, பதநீரில் இனிப்பை எடுக்க ஆள் வைத்த கதைதான். 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓ பயன்பாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. விற்பனை மட்டும் நிற்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிடிஎஸ் 120 இருந்த தண்ணீர் ஆர்ஓவில் 10 ஆகிவிடும், சப்பென்று இருக்கும். “டேஸ்ட் இல்லை” என்று புகார் சொன்னால் சர்வீஸ்காரர் வந்து பக்கவாட்டில் இருக்கும் டிடிஎஸ் கண்ட்ரோலர் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுவார். அது வேறொன்றுமில்லை, மெம்பரேன் (உப்பை நிறுத்தும் சவ்வு) வழியாகப் போகாத தண்ணீரை வடிகட்டிய தண்ணீரோடு கலக்கும் வால்வு. உப்பை எடுக்கக் காசு, திரும்பக் கலக்க இன்னொரு காசு. அதற்கு மேல் மினரல், ஆல்கலைன், காப்பர் என்று வரிசையாகக் கார்ட்ரிட்ஜ்கள் வேறு.

ஆற்றுத் தண்ணீரின் உண்மையான தொல்லை இரண்டு: கலங்கலும் கிருமியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செந்நிறமாக வரும் தண்ணீர் மெம்பரேனுக்கு எமன். சேற்றைப் பிடிக்கும் முதல் வடிகட்டியான 5 மைக்ரான் ஸ்பன் கேண்டில் இரண்டே வாரத்தில் சேறாகிவிடும். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி வந்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. வெளியில் மாட்டும் பத்து இன்ச் பிரீஃபில்டர் பவுல் ஒன்று, கூடவே இரண்டு மூன்று உபரி கேண்டில்கள் கையில் இருந்தால் போதும். கலங்கல் தெளியத் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்ட ஊர்தானே இது. கிருமிக்குக் கொதிக்க வைப்பது போதும், குமிழி விட்டு ஒரு நிமிடம் கொதித்தால் சரி. மிஷின்தான் வேண்டுமென்றால் பிரீஃபில்டர், கார்பன், யூவி (புற ஊதா விளக்கு) மூன்றும் கொண்டது போதும், அதில் ஒரு சொட்டும் வீணாகாது. யூவி ட்யூப் நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கிருமியைக் கொல்லும் வீரியம் அதற்கு முன்பே குறைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சம்ப்பைக் கழுவாமல் எந்த மிஷின் மாட்டியும் பயனில்லை. கழுவி நிரப்பிய பிறகு 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள்.

திசையன்விளை, உவரி பக்கம் கதை வேறு. கடலோர போர் தண்ணீரையே நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆர்ஓ தேவைதான். வாங்கும் முன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு மூன்றையும் பார்த்துவிடுங்கள். மீட்டர் இவற்றைப் பிரித்துச் சொல்லாது.

வீட்டு ஆர்ஓவில் சாதாரணமாக இருப்பது 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 காலன்) மெம்பரேன். காகிதக் கணக்கில் ஒரு நாளைக்கு 284 லிட்டர், அதாவது மணிக்குப் பன்னிரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கழிவுக் குழாயில் மாட்டியிருக்கும் 450 எஃப்ஆர் (கழிவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துண்டு) நிமிடத்துக்குச் சுமார் 450 மில்லியை வெளியே விடும். அளவுக் கப்பும் கடிகாரமும் எடுத்து நீங்களே பாருங்கள். நல்ல தண்ணீர் நிமிடத்துக்கு 165 மில்லி வந்தால், 20 லிட்டர் பிடிக்க இரண்டு மணி நேரம், அதற்குள் கழிவு 54 லிட்டர். தினமும் இப்படிப் பிடித்தால் மாதத்துக்கு 1600 லிட்டருக்கு மேல்.

மெம்பரேன் போய்விட்டது என்று சர்வீஸ்காரர் சொன்னால் வாயால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ் 1200, வெளியே வருவது 100 என்றால் 90 சதவீதத்துக்கு மேல் உப்பு நிற்கிறது, மெம்பரேன் நன்றாகவே இருக்கிறது. அது 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றலாம். அளக்கும்போது டிடிஎஸ் கண்ட்ரோலர் திருகு முழுக்க மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்துவிட்டு மீட்டரைக் காட்டி மெம்பரேன் விற்பது பழைய வித்தை. மெம்பரேன் சீக்கிரம் சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் குளோரின். கார்பன் ஃபில்டர் தீர்ந்துபோனால் குளோரின் நேராக மெம்பரேனைத் தின்னும். நூறு இருநூறு ரூபாய் கார்பனைத் தள்ளிப்போட்டு ஆயிரக்கணக்கில் அழுவது இதனால்தான்.

மிஷினை அணைத்த பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால், மிஷின் நின்றதும் தண்ணீரை அடைக்க வேண்டிய சொலினாய்டு வால்வுக்குள் பெரும்பாலும் மண் சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவினாலே அநேகமாகச் சரியாகும். கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் மிஷின் செத்தால் “போர்டு போச்சு” என்பார்கள். பல சாதாரண மாடல்களில் போர்டே கிடையாது, 24 வோல்ட் அடாப்டர் மட்டும்தான். மல்டிமீட்டரை வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

புது மாடல்களில் சில, ஃபில்டரில் ஒரு சிப்பை வைத்து நாள் கணக்கில் பூட்டிக்கொள்கின்றன. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிப் போய்த் திரும்பினாலும் “ஃபில்டர் மாற்று” என்று நின்றுவிடும். வாங்கும் முன்பே கேளுங்கள்: வெளிக்கடையில் கிடைக்கும் சாதாரண ஃபில்டர் பொருந்துமா? ஏஎம்சியில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) மெம்பரேன், அடாப்டர், பம்ப் மூன்றும் சேருமா? சேர்ந்தால் பெயர் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள், “பார்ட்ஸ் உட்பட” என்ற பொதுச்சொல் உதவாது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஸ்பன் கேண்டிலை வெட்டிப் பார்த்தால் உள்வரை வெள்ளையாக இருக்கிறதா, சேறு ஏறியிருக்கிறதா என்று தெரியும்.

எழுதிக் கொடுத்தபடி செய்யாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில், ஏஎம்சி தாள், மீட்டர் காட்டிய எண்ணோடு எடுத்த படம், அந்தப் பழைய கேண்டில் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.