ஒசாகாவில் 60, டோக்கியோவில் 50: ஒரு ராக் பதிவின் இயற்பியல்

டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழு முதன்முதலாக ஜப்பானுக்குப் போனது 1972 ஆகஸ்டில். 15, 16 தேதிகளில் ஒசாகாவின் ஃபெஸ்டிவல் ஹாலிலும், 17-ஆம் தேதி டோக்கியோவின் புடோகானிலும் கச்சேரி. மூன்று இரவுகளையும் டேப்பில் பிடித்து, அதிலிருந்து ஏழு பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து வெளியிட்ட இரட்டை இசைத்தட்டுதான் ‘மேட் இன் ஜப்பான்’. குழுவுக்கு இதில் பெரிய ஆர்வமெல்லாம் இல்லை. கேட்டது ஜப்பானிய இசைத்தட்டு நிறுவனம். எங்கள் சவுண்ட் இன்ஜினியர் மார்ட்டின் பர்ச்தான் பதிவு செய்ய வேண்டும், எங்களுக்குப் பிடிக்காவிட்டால் வெளியே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் மேடை ஏறினார்கள்.

பர்ச்சின் கையில் இருந்தது எட்டு ட்ராக் டேப் ரெக்கார்டர். ஒரே டேப்பின் அகலத்தில் எட்டு இணைகோடுகள். ஒவ்வொன்றிலும் தனித்தனி ஒலி. கேட்க நிறைய போலத் தோன்றும். ஆனால் குரல், கிடார், பாஸ் கிடார், ஆர்கன் என்று ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் பாதி காலி. மிச்சத்தில் டிரம்ஸும் கைதட்டலும் அடங்க வேண்டும். டிரம்ஸுக்கு நான்கைந்து மைக் வைத்தால், அவற்றைக் கச்சேரி நடக்கும்போதே ஒன்றிரண்டு ட்ராக்குகளில் கலந்துவிட வேண்டியதுதான். அப்படிக் கலந்ததைப் பிறகு பிரிக்க அன்று வழியே கிடையாது.

இதைவிடப் பெரிய தலைவலி கசிவு. பாடகருக்கு வைத்த மைக்குக்குப் பாடகர் யார், டிரம்ஸ் எது என்று தெரியாது. காற்றில் வருவதையெல்லாம் வாங்கும். இங்கே தூரம் கைகொடுக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். உதட்டிலிருந்து 3 சென்டிமீட்டரில் மைக், டிரம்ஸ் 3 மீட்டர் பின்னால் என்றால் தூரம் நூறு மடங்கு. டிரம்ஸ் ஒலிக்கு 40 டெசிபல் இறக்கம். ராக் பாடகர்கள் மைக்கை விழுங்குவது போல வைத்துக்கொள்வதற்கு ஸ்டைல் மட்டும் காரணமில்லை. மேடை மைக்குகள் முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் மந்தமாகவும் கேட்கும்படி செய்யப்பட்டவை என்பதும் உதவும்.

ஆனாலும் கசிவு முழுக்க நிற்காது. குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனையே கிடார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து கிடாரோடு மல்லுக்கட்டியவர். அந்த மேடையில் எந்த மைக்கும் தனிமையில் இருந்திருக்காது. எல்லாமே மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று பாடகர் இயன் கில்லன் மேடையிலிருந்து கேட்பது தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. இயற்பியல் ஒத்துக்கொள்ளாத கோரிக்கை, ஆனால் குழுவின் கொள்கை அதுதான்!

இந்தக் கசிவால் ஒரு நல்லதும் நடக்கிறது. நேரடிப் பதிவு என்று சொல்லிவிட்டு, பிசகிய இடங்களை ஸ்டுடியோவில் திரும்பப் பாடி ஒட்டுவது இசைத்துறையில் சகஜம். ‘மேட் இன் ஜப்பான்’ தட்டில் அந்த வேலை நடக்கவில்லை என்பது அதன் பெருமை. செய்ய நினைத்தாலும் சிரமம்தான். குரல் ட்ராக்கை அழித்துப் புதிதாகப் பாடினாலும், பழைய குரல் டிரம்ஸ் மைக்குகளில் ஆவி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு குரலும் சேர்ந்து கேட்கும்.

அரங்கை நோக்கி வைக்கும் மைக்குகளின் கதை வேறு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி மைக் இருந்தால், அங்கே அதே டிரம் அடி கிட்டத்தட்ட 58 மில்லிநொடி தாமதமாக வந்து சேரும். சுமார் 30 மில்லிநொடிக்குள் வரும் இரட்டை ஒலியை நம் மூளை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால், குறிப்பாக டிரம் போன்ற வெட்டொலிகளில், எதிரொலி பிரிந்து தெரியத் தொடங்கும். அதனால் அந்த மைக்கை, ட்ராக்குகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் கொஞ்சமாகத்தான் திறக்க முடியும். அறவே மூடினால் பாட்டு ஸ்டுடியோவில் பாடியது போல வறண்டுவிடும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு தருவது அந்தக் கொஞ்சம்தான். அந்த இடத்தில் எந்த மைக்கும் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது ஒலியின் அளவு. ‘சைல்ட் இன் டைம்’ பாட்டு மெல்லிய ஆர்கனில் தொடங்கி கில்லனின் வீறிடலில் போய் முட்டும். டேப்பில் ஒலி என்பது இரும்பு ஆக்சைடு துகள்களின் காந்தத் திசை. ஒலி மிகச் சன்னமானால் டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சலில் மூழ்கும். மிகப் பலமானால் திரும்ப வேண்டிய துகள்கள் எல்லாம் திரும்பி முடிந்திருக்கும், அதற்கு மேல் இடமில்லை. ஆனால் அந்த எல்லையை டேப் படிப்படியாகத்தான் தொடும். உச்சிகளைக் கத்தரிக்காமல் மழுக்கிவிடும். டிஜிட்டல் பதிவு எல்லை தாண்டினால் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். சத்தமான ராக் பதிவுக்கு டேப்பை இன்றும் சிலர் தேடிப் போவதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த விஷயம் மின்சாரம். ஜப்பானின் கிழக்கில் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலைவு; மேற்கில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கியதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. ஃபேனுக்கு இது பெரிய விஷயமில்லை. லார்டின் வகை ஹேமண்ட் ஆர்கனுக்கு உயிர் போகும் பிரச்சினை. அதனுள்ளே 91 பல்சக்கரங்கள் காந்தங்களுக்கு எதிரே சுழன்று சுரங்களை உண்டாக்குகின்றன. அவற்றைச் சுழற்றும் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அலைவெண். இங்கிலாந்தில், நம் நாட்டைப் போலவே, 50 ஹெர்ட்ஸ். அதற்கென்று செய்த ஆர்கனை ஒசாகாவில் நேராகச் செருகினால் 20 சதவீதம் வேகமாகச் சுழலும். 440 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய சுரம் 528-க்கு ஏறும். அதாவது மூன்று அரைச் சுரங்களுக்கும் சற்று மேலே. கிடார் ஒரு சுருதியில், ஆர்கன் வேறொரு சுருதியில்! மார்ஷலின் முழுச் சத்தத்தில் அதைக் கேட்கக் காது வேண்டாம், தெம்பு வேண்டும். அலைவெண் மாற்றி இல்லாமல் இத்தகைய ஆர்கனோடு உலகம் சுற்ற முடியாது. அக்காலத்துப் பல டேப் ரெக்கார்டர்களின் மோட்டாரும் இதே ரகம் என்பதால், பதிவு செய்பவருக்கும் அதே கவலை.

தட்டிலுள்ள ஏழு பாட்டுகளில் நான்கு 16-ஆம் தேதி ஒசாகாவில் பதிவானவை, ஒன்று 15-ஆம் தேதி. புடோகானிலிருந்து ‘த மியூல்’, ‘லேஸி’ இரண்டு மட்டுமே. 1964 ஒலிம்பிக்ஸ் ஜூடோ போட்டிகளுக்காகக் கட்டிய எண்கோண அரங்கம் அது; ஃபெஸ்டிவல் ஹாலைவிட மிகப் பெரியது. அரங்கின் கன அளவு கூடக் கூட முழக்கம் அடங்க நேரமாகும். உடையும் உடம்புமாக நிறைந்த கூட்டம் அதை உறிஞ்சிக் குறைக்கும். மூன்று இரவுகளின் பெரும்பகுதி 1993-இல் மூன்று சிடிகளாக வெளிவந்தது. ஹெட்ஃபோனில் ஆர்கன் இடக்காதிலும் ரிச்சி பிளாக்மோரின் கிடார் வலக்காதிலும் இருக்கும். ஒரே பாட்டின் ஒசாகா, டோக்கியோ பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டு, டிரம்ஸ் ஓயும் இடங்களில் முழக்கத்தின் வால் எவ்வளவு நீள்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.