டேப்லட் இல்லாமல் ரயில் கிளம்பாது

இலங்கை மலைநாட்டில் ஓடும் பதுளை ரயில் சில நாட்களில் ஹட்டன் ஸ்டேஷனில் சும்மா நிற்கும். ஆட்கள் ஏறியாயிற்று, வடைக்காரரும் இறங்கிவிட்டார், ஆனாலும் நகராது. கொட்டகலைப் பக்கமிருந்து எதிர் ரயில் வந்து சேர்ந்த பிறகுதான் வளையத்தில் கட்டிய தோல்பை ஒன்று டிரைவர் கைக்குப் போகும். அதற்குள் இருக்கும் வட்டத் தகடுதான் டேப்லட். ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம் என்பதால், அது கையில் இல்லாமல் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைய முடியாது.

அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு இயந்திரம் இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. உள்ளே பல தகடுகள் கிடந்தாலும், ஒன்றை எடுத்துவிட்டால் இரண்டு இயந்திரமும் பூட்டிக்கொள்ளும். எடுத்த தகடு ஏதாவதொரு முனையில் திரும்ப விழும்வரை இன்னொன்று வெளியே வராது. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில் தந்திச் செய்தி குழம்பி இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன் பிறகே எட்வர்ட் டயர் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்.

ஒரே நேரத்தில் எத்தனை வேலையைக் கையில் வைத்திருக்கலாம் என்று வரம்பு போடுவதும் இதே சங்கதிதான். ஹட்டனில் நாலு பேர் வேலை செய்யும் அச்சகம் ஒன்றை வைத்துக்கொள்வோம். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம் என்று நாளுக்கு 3 ஓர்டர் முடிகிறது. கையில் 12 இருந்தால் புதிதாக வருவது முடிய 4 நாள். 30 இருந்தால் 10 நாள். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது: முடியும் வேகம் மாறாதவரை, உள்ளே கிடப்பது கூடினால் காத்திருப்பும் அதே அளவில் கூடும். "தொடங்கியாச்சு அண்ணே" என்று சொல்வதால் கார்டு ஒரு நாள்கூட முந்தி வராது.

இந்தக் கணக்கு யாருக்கும் புரியாததல்ல. ஆனாலும் வரம்பு உடைகிறது. எனக்குத் தெரிந்தவரை காரணம் வெட்கம். பைண்டிங்கில் வேலை குவிந்து கிடக்கும்போது, டிசைன் செய்கிற தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முதலாளி முறைப்பார். அதனால் புதிய ஓர்டரைத் திறக்கிறான். குவியல் இன்னும் ஏறுகிறது. ஸ்டேஷனில் நிற்கும் ரயிலை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லையே! அந்தத் தம்பி எழுந்துபோய் நோட்டீஸ் மடித்துக் கொடுக்கலாம். முதலாளி அதையும் வேலையென்று ஒத்துக்கொண்டால்தான் வரம்பு நிற்கும்.

வரம்பைக் கண்ணால் காணும்படி செய்வதும் உதவும். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ அட்டைகளால் செய்தது அதுதான்; அடுத்த கட்டத்தில் ஒன்று எடுக்கப்பட்டால்தான் அதற்கு முந்தைய கட்டத்தில் புதிதாக ஒன்று தொடங்கும். அச்சகத்தில் 12 கிளிப் போதும்: கிளிப் மாட்டாத ஓர்டரைத் தொடக்கூடாது, டெலிவரி ஆனதும் கிளிப்பைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும்.

ஆனால் 1921இல் வேல்ஸின் அபர்மூலில் டேப்லட் இருந்தும் இரண்டு ரயில்கள் மோதி 17 பேர் இறந்தார்கள். டிரைவர் கொண்டுவந்து கொடுத்த தகடே ஆட்கள் கைமாறி அவரிடம் திரும்பி வந்துவிட்டது. அதில் எந்தப் பாதையின் பெயர் இருக்கிறது என்று ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. கிளிப்புக்கோ பூட்டும் கிடையாது. பக்கத்துக் கடையில் பதின்மூன்றாவதை வாங்கிவிடலாம். ஆகவே காலையில் கடை திறந்ததும் ஆணியில் மிஞ்சியதையும் மேசையில் இருப்பதையும் சேர்த்து எண்ணுவது நல்லது. இரண்டு நிமிடம் ஆகும்.