கடைசியிலும் ஒருமுறை கைதட்டுங்கள்

கேமராவில் முகம், தனிக் கருவியில் குரல். எடிட்டிங்கில் இரண்டையும் சேர்த்தால் தொடக்கத்தில் உதடும் சொல்லும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஒரு மணி நேரம் தள்ளிப் பார்த்தால் வாய் மூடிய பிறகு சொல் வந்து விழுகிறது. இடையில் யாரும் எதையும் நகர்த்தவில்லை.

தொடக்கத்தைப் பொருத்துவது எளிது. கிளாப் பலகையின் கட்டைகள் முட்டும் ஃபிரேம் படத்தில் தெரியும். ஒலியின் அலைவடிவத்தில் அதே கணம் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும். இரண்டையும் நேர் வைத்தால் போதும். பலகைக்குப் பதில் கைதட்டலாம். கேமராவின் சொந்த மைக் பதிந்த ஒலி மட்டமானதுதான், ஆனாலும் அதை அழித்துவிடாதீர்கள். மென்பொருள் அதை நல்ல ஒலியின்மேல் சிறிது சிறிதாக நகர்த்தி, இரு அலைவடிவங்களும் ஒத்துப்போகும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

பிறகு ஏன் விலகுகிறது? ஒலிக்கருவி, ஒலியின் அளவை வினாடிக்கு 48,000 முறை எடுத்து எழுதுகிறது. அந்த வினாடியை அதற்குச் சொல்வது உள்ளே அதிரும் குவார்ட்ஸ் படிகம். கேமராவுக்குள் இருப்பது வேறொரு படிகம். எந்த இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. வெப்பநிலை மாறினாலும் வேகம் மாறும். 10 லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஒரு மணி நேரத்தில் அது 72 மில்லி வினாடி. வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமே 40 மில்லி வினாடிதான்.

நம் மூளை இதில் ஓரவஞ்சனை செய்கிறது. ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே உறுத்தத் தொடங்கும். பிந்தினால் ஏறத்தாழ 125 வரை பொறுத்துக்கொள்ளும். ஒளியைவிட ஒலி தாமதமாக வருவதே இயற்கை: 34 மீட்டர் தொலைவில் அடிக்கும் சுத்தியலின் ஓசை நம்மை எட்ட 0.1 வினாடி ஆகிறது.

டைம்கோட் இருந்தால் கவலை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேரத்தை எழுதிவைக்கும். படிகத்தின் ஓட்டத்தைத் திருத்தாது. ஒரே கடிகாரத் துடிப்பை இரு கருவிகளுக்கும் கொடுத்தால்தான் விலகல் நிற்கும். அந்த வசதி இல்லையென்றால் முடிவிலும் ஒருமுறை கைதட்டுங்கள். படப்பிடிப்பில் இதற்காகவே கிளாப் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள். இரு தட்டல்களுக்கு இடையிலான நீளத்தைப் படத்திலும் ஒலியிலும் அளந்து, அந்த விகிதத்துக்கு ஒலியை நீட்டலாம், சுருக்கலாம்.

விலகல் மணிக்குச் சரியாக 3.6 வினாடி என்றால் குற்றம் படிகத்தில் இல்லை. 23.976 ஃபிரேமில் எடுத்த படத்தை 24 என்று வைத்து ஓட்டுகிறீர்கள்; அந்த எண்ணை மாற்றுங்கள், ஒலியைத் தொட வேண்டாம்.