வான்கோழி எத்தனை பவுண்ட், ஓவனில் எத்தனை மணி நேரம்?

அமெரிக்காவில் வான்கோழி விருந்து வைக்கும் தேங்க்ஸ்கிவிங் வியாழன் காலையில் பறவையின் வயிற்றுக்குள் கைவிட்டால் ஐஸ்கட்டி தட்டுப்படும். விருந்து தாமதமாக இதுவும் ஒரு காரணம். பழி ஓவன் மேல் விழும். பிசகியதோ ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு.

முதலில் எடை. எலும்போடு சேர்த்து தலைக்கு 1 பவுண்ட். மறுநாளைக்கும் மிச்சம் வேண்டுமானால் ஒன்றரை. அப்படியானால் பத்துப் பேருக்கு 15 பவுண்ட். இருபது பேர் வருகிறார்கள் என்று 24 பவுண்ட் பறவையைத் தேடி அலையாதீர்கள். 12 பவுண்டில் இரண்டு வாங்குங்கள். பெரிய பறவையில் தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி பஞ்சாகிவிடும். ஓவனுக்குள் இரண்டு தட்டும் சேர்ந்து நுழையுமா என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

உறைந்த பறவை ஃபிரிட்ஜில் இளக, 4–5 பவுண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். 15 பவுண்டுக்கு மூன்று நாளுக்கு மேல். ஞாயிறு காலையிலேயே கீழ்த்தட்டில், அடியில் ஒரு தட்டோடு வையுங்கள். வடியும் நீர் காய்கறி மேல் சொட்டக் கூடாது. சமையல் மேடையில் வைத்து இளக்குவது ஆபத்து: நடுவில் ஐஸ் இருக்கும்போதே மேல்தோலில் கிருமி பெருகத் தொடங்கிவிடும். நாள் இல்லையென்றால், கசியாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். பவுண்டுக்கு அரை மணி, ஆக ஏழரை மணி நேரம். அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். இளகியதும் உடனே சமைத்துவிட வேண்டும்.

கழுத்தும் ஈரலும் அடங்கிய பை வயிற்றில் இல்லாவிட்டால் கழுத்துப் பக்கத் தோலுக்குள் இருக்கும். இரண்டு பக்கமும் பாருங்கள். மஞ்சள் போட்டு அலசும் நம் வழக்கம் இங்கே வேண்டாம். தெறிக்கும் நீரோடு சால்மோனெல்லா கிருமி சிங்க் முழுக்கப் பரவும்.

ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே எதுவும் அடைக்காத 8–12 பவுண்டுக்கு இரண்டே முக்கால் முதல் மூன்று மணி நேரம். 12–14க்கு மூன்றே முக்கால் வரை. 14–18க்கு நாலேகால் வரை. வயிற்றுக்குள் ஸ்டஃபிங் கலவை அடைத்தால் அரை மணி வரை கூடும். மதியம் 2 மணிக்குப் பந்தி என்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள்: வெட்ட 20 நிமிடம், ஆறவிட 30 நிமிடம், வேக நாலேகால் மணி. 15 பவுண்ட் பறவை காலை 8.55க்கு உள்ளே போயிருக்க வேண்டும். முன்பே வெந்துவிட்டால் கவலையில்லை, ஃபாயில் மூடிய பறவை சூடு தாங்கும். ஆறவிடாமல் வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

கடைசி முடிவு கடிகாரத்துடையது அல்ல, தெர்மாமீட்டருடையது. நெஞ்சின் தடித்த பகுதி, தொடையின் உட்புறம், இறக்கையின் உட்புறம் மூன்றிலும் எலும்பில் முட்டாமல் குத்திப் பாருங்கள். 165 டிகிரி காட்ட வேண்டும். ஸ்டஃபிங்கின் நடுவிலும் அதேதான். வெந்ததும் தானே எழும்பும் பிளாஸ்டிக் குச்சி நெஞ்சை மட்டுமே அறியும், தொடையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வியாழன் காலையிலும் கல்லாக இருந்தால்? அப்படியே 325இல் வைக்கலாம், ஸ்டஃபிங் மட்டும் கூடாது. நேரம் ஒன்றரை மடங்காகும்: 15 பவுண்டுக்கு ஆறரை மணி நேரம் போல. பாதி வெந்து இளகியதும் கழுத்தும் ஈரலும் அடங்கிய பையை இடுக்கியால் உருவிவிடுங்கள். பந்தியை மாலைக்குத் தள்ளிவைத்துவிட்டு, வந்தவர்களுக்கு இப்போதைக்கு வடை சுடுங்கள்.