குதிகால் எலும்பு முறிவும் விபத்துச் சிகிச்சைத் திட்டத்தின் 7 நாள் வரம்பும்

மத்திய அரசு மோட்டார் வாகனச் சட்டத்தின் 162ஆம் பிரிவின் கீழ் 2025 மே மாதம் அறிவிக்கை செய்த ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டத்தின்படி, மோட்டார் வாகனத்தால் நேர்ந்த சாலை விபத்தில் காயமடைந்த எவரும், நியமிக்கப்பட்ட மருத்துவமனையில், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையைப் பணம் கட்டாமல் பெறலாம். பிற மருத்துவமனைகளில் உடல்நிலையைச் சீராக்கும் முதற்கட்டச் சிகிச்சை மட்டுமே இதில் அடங்கும்.

உயிரைக் காப்பதற்கு இந்த வரம்பு பெரிதும் உதவும். ஆனால் பல காயங்களுடன் குதிகால் எலும்பும் முறிந்தவருக்கு இது போதுவதில்லை. தலை, மார்பு, வயிறு, இடுப்பெலும்பு ஆகியவற்றின் காயங்களை முதலில் கவனித்தாக வேண்டும் என்பதால் குதிகால் பின்னுக்குப் போகிறது. அதோடு, அங்கே தோலுக்கும் எலும்புக்கும் இடையே தசை அதிகம் இல்லை; வீக்கம் வடியுமுன் கத்தி வைத்தால் புண் ஆறாமல் சீழ் பிடிக்கலாம். ஆகவே தோலில் மீண்டும் சுருக்கம் தெரியும்வரை, பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம், மருத்துவர்கள் காத்திருப்பார்கள். மூன்று வாரத்துக்கு மேல் தள்ளினால் எலும்புத் துண்டுகள் தவறான நிலையிலேயே கூடத் தொடங்கிவிடும். அதாவது, தகடு வைக்கும் அறுவைச் சிகிச்சைக்குரிய காலம் வரும்போது திட்டத்தின் 7 நாட்கள் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ, பின்புறத் துண்டு உள்ளிருந்து தோலை அழுத்தி வெளுக்கச் செய்தாலோ, பாதத் தசைகளுக்குள் அழுத்தம் ஏறினாலோ காத்திருக்க இயலாது; இவை அவசரச் சிகிச்சைகள் என்பதால் 7 நாட்களுக்குள்ளேயே வந்துவிடும்.

மற்றவர்களின் குடும்பத்தார் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் எலும்பு மருத்துவரிடம், பாதத்துக்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமா, எப்போது செய்ய உத்தேசம் என்று கேட்டுவிடுவது மிகவும் நல்லது. பெரிய காயங்களுக்கு நடுவே பாத முறிவு கண்ணில் படாமல் போவதும் உண்டு. நினைவு திரும்பியவர் குதிகால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பம், அதை உடனே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, பின்னர் நடக்கவிருக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். அட்டை இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்வதாக இருந்தால், சி.டி. படங்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கையோடு பெற்றுச் செல்ல வேண்டும். கைப்பணம் செலவழித்தவர் ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்தச் செலவையும் கோரலாம்.

உயரத்திலிருந்து விழுந்து குதிகாலும் முதுகெலும்பும் ஒருசேர முறிந்த கட்டடத் தொழிலாளர்களுக்கு, அது சாலை விபத்து அல்ல என்பதால், இந்தத் திட்டம் பொருந்தாது. ஈ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்தால் அதன் மருத்துவப் பயனையும், இல்லையெனில் மேற்சொன்ன காப்பீட்டு அட்டையையும் அவர்கள் முதல் நாளிலிருந்தே பயன்படுத்த வேண்டும்.