வீடு தேடிப் போகும் ஆசிரியருக்குள் என்ன நடக்கிறது?

அரசுப் பள்ளிகளில் கரும்பலகைக்கு வெளியே தினமும் ஒரு வேலை நடக்கிறது. பல நாளாக வராத பிள்ளையைத் தேடி வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போகிறார். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று காதில் விழுந்ததும் தலைமையாசிரியை தாயை அழைத்துப் பேசுகிறார். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், பள்ளிக்கு வரவே முடியாத மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு அவர்கள் வீட்டிலேயே பயிற்சி தருகிறார்.

அந்தச் சிறப்பாசிரியரின் ஒரு வருகையைப் பார்ப்போம். பாயில் படுத்திருக்கும் பையனின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிடுகிறார். கையில் பந்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா திடீரென்று கேட்கிறார்: “நான் கண்ண மூடிட்டா இவன யாரு டீச்சர் பாப்பாங்க?” இதற்கு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் பதில் கிடையாது. “அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா” என்று சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைத் திருப்புகிறார். இவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். இரவு படுக்கும்போது அந்தக் கேள்வி அவர்களோடு வருகிறது.

வருவதற்கு உடலியல் காரணம் உண்டு. 2004-இல் நரம்பியல் ஆய்வாளர் தானியா சிங்கரும் அவருடைய குழுவினரும் லண்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள். பதினாறு பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, சில முறை அவர்கள் கையிலும் சில முறை அருகில் இருந்த அவர்களுடைய துணைவர் கையிலும் சிறு மின்னதிர்வு கொடுத்தார்கள். வலி எந்த இடத்தில், எவ்வளவு என்று அளக்கும் மூளைப் பகுதி சொந்த வலிக்கு மட்டுமே வேலை செய்தது. ஆனால் வலி எவ்வளவு வேதனையானது என்பதை உணரும் பகுதிகளான முன் இன்சுலாவும் முன் சிங்குலேட்டும் துணைவருக்கு வலித்தபோதும் விழித்துக்கொண்டன. அடுத்தவர் துன்பத்தைப் பார்க்கும்போது நமக்குள் எழும் வேதனை வெறும் கற்பனை இல்லை.

அப்படியானால் இந்த வேலைக்கு ஈர நெஞ்சு ஆகாதா? இதே துறையில் அடுத்து வந்த ஆய்வுகள் வேறு வழியைக் காட்டின. ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும், பங்கேற்றவர்களுக்கு முதலில் பிறர் துன்பத்தைத் தானும் உணரும் பயிற்சி அளித்தார்கள். துயரக் காட்சிகளைப் பார்த்தபோது அவர்களுடைய மன வேதனை கூடியது. பிறகு அதே ஆட்களுக்குப் பரிவுப் பயிற்சி அளித்தார்கள். அதாவது, ‘இவர் நலமாக இருக்க வேண்டும், நான் துணை நிற்பேன்’ என்ற மனநிலையை வளர்க்கும் பயிற்சி. வேதனை இறங்கியது. பற்றுதலோடும் நிறைவுணர்வோடும் தொடர்புடைய வேறு மூளைப் பகுதிகள் இயங்கின. துன்பத்தில் மூழ்குவதும், துன்பப்படுபவர் பக்கம் நிற்பதும் மூளைக்கு இரண்டு வெவ்வேறு வேலைகள். ஆனால் பக்கம் நிற்க ஏதாவது ஒன்றைச் செய்யும் வாய்ப்பும் வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் இருக்கும்போது, அந்த அம்மாவிடம் எதைச் சொல்லித் துணை நிற்பது?

இன்னொரு சுமை, முகத்தைக் காத்துக்கொள்வது. கோபமாக வரும் அப்பாவிடமும் அழுகிற பாட்டியிடமும் ஒரே மாதிரி நிதானமாகப் பேசுவது பணியின் பகுதி. இதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று 1983-இல் விரிவாக எழுதியவர் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட்; அவர் கவனித்தது விமானப் பணிப்பெண்களை. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் சோதனைகள் இதன் உடல் விலையைக் காட்டின. உணர்ச்சி முகத்தில் தெரியாமல் அடக்கினால் உள்ளே அது குறைவதில்லை. இதயமும் ரத்த நாளங்களும் கூடுதலாக உழைக்கின்றன, அந்த நேரத்தில் கேட்டது பின்னால் சரியாக நினைவுக்கு வருவதுமில்லை. 2003-இல் வெளியான ஒரு சோதனை என்னை நிறையவே யோசிக்க வைத்தது. முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒரு துயரப் படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒருவர் தன் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு பேசியபோது, எதிரே இருந்தவரின் ரத்த அழுத்தம் உயர்ந்தது. முகத்தை இறுக்கிக்கொண்டு பேசும் ஆசிரியரால் எதிரே இருக்கும் தாயும் தளர்ந்து பேச முடியாமல் போகலாம். பணியாளர் நலம் என்று நாம் பேசுவதில் குடும்பத்தின் நலமும் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது சுமை, முடிவு தெரியாமல் இருப்பது. ஒரு மாணவி தனக்கு நடந்த பாலியல் கொடுமையை ஆசிரியரிடம் சொன்னால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். தெரிவித்த பிறகு விவகாரம் காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, நீதிமன்றம் என்று போகிறது. அந்தப் பிள்ளையின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பதால் ஆசிரியர் யாரிடமும் வாய் திறக்க முடியாது. என்ன ஆயிற்று என்று அவரிடம் வந்து சொல்லவும் பெரும்பாலும் யாரும் இல்லை. ஆபத்து நேரத்தில் சுரக்கும் அட்ரினலினும் கார்ட்டிசாலும், ஆபத்து முடிந்தது என்று தெரிந்தால் தணியும்படி அமைந்தவை. ஆனால் ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப ஓடும்போது, நிகழ்வு முடிந்த பிறகும் உடல் அதே விழிப்பில் நிற்கிறது, தூக்கம் கெடுகிறது. இப்படி நாள்பட்டுச் சேரும் தேய்மானத்தை 1993-இலேயே புரூஸ் மெக்கீவன் என்ற நரம்பியலாளர் விளக்கியிருந்தார்.

இவையெல்லாம் கூடி வருவதுதான் பணிச்சோர்வு. உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: உள்ளம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் விலகிப்போவது, ‘நான் செய்து என்ன ஆகப்போகிறது’ என்ற எண்ணம். “அந்தக் குடும்பமே அப்படித்தான் சார்” என்று ஆசிரியர் அறையில் கேட்கும் வாக்கியத்தை நான் கல்நெஞ்சின் அடையாளமாக எடுத்துக்கொள்வதில்லை. அது பெரும்பாலும் இரண்டாவது அடையாளம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தாமல், சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. ஆகவே தனிமனிதருக்கு ஒரு நாள் யோகா வகுப்பு நடத்தினால் மட்டும் போதாது. யோகா நல்லதுதான், ஆனால் அவருடைய கையில் இருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையை அது குறைக்காது.

சரி, பேசித் தீர்க்கலாமே என்றால், எப்படிப் பேசுவது என்பதிலும் கவனம் வேண்டும். அதிர்ச்சிக்கு உள்ளானவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் செய்யும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பின்விளைவுகளைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது; சிலருக்குக் கெடுதலும் செய்தது.

பலன் தரக்கூடியது வேறு வகை, மெதுவான வகை. 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற மருத்துவர் குடும்ப மருத்துவர்களை வாரம் ஒருமுறை வட்டமாக உட்காரவைத்தார். ஒருவர் தன் மனதை அரிக்கும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். இன்று அந்த வட்டங்கள் பலவற்றில், சொல்லி முடித்தவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு சும்மா இருப்பார். மற்றவர்கள் அந்த நோயாளியின் இடத்திலும் மருத்துவரின் இடத்திலும் தங்களை வைத்துப் பேசுவார்கள். யாரும் அறிவுரை சொல்வதில்லை. தன் சுமையைக் கொஞ்ச நேரம் பிறர் தூக்கிப் பார்ப்பதைக் கேட்கும்போது, அதைப் பற்றி யோசிக்கும் திறன் திரும்புகிறது. இங்கிலாந்தின் மழலையர் நிலையங்களில், குழந்தைகளோடும் குடும்பங்களோடும் பழகும் பணியாளர்களுக்கு இப்படி ஒருவரோடு உட்கார்ந்து பேசும் ஏற்பாடு 2012-இலிருந்து கட்டாயம். சமூகப் பணியாளர்களுக்கும் உளவியல் ஆலோசகர்களுக்கும் இது தொழிலின் அடிப்படை. அதே குடும்பங்களைச் சந்திக்கும் ஆசிரியருக்கு மட்டும் இது சலுகையாகத் தோன்றுவது நியாயமில்லை.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஒரு துறை வேண்டியதில்லை. குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே ஆசிரியர்களை ஓரிடத்தில் சேர்க்கின்றன. அதில் முக்கால் மணி நேரத்தை, எட்டுப் பேருக்கு ஒரு வட்டம் என்று, பெயரும் ஊரும் சொல்லாமல் பேச ஒதுக்கலாம். நடத்துபவர் ஆய்வு அதிகாரியாக இருக்கக் கூடாது. நாளைக்குக் குறிப்பாணை கொடுக்கக்கூடியவர் முன்னால் யாரும் தன் இயலாமையைச் சொல்ல மாட்டார்கள். கூடவே, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து, புகார் கொடுத்த ஆசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். வழக்கு விவரம் எதுவும் வேண்டாம். “பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறாள் டீச்சர்” என்று மட்டும்.